நாலரை அடி பலகையில் கூட்ஸ் ரெயில் நிலையம்!

கீரமங்கலத்தில் பூ உண்டு. தேங்காய் உண்டு. ரெயில் மட்டும் இல்லை!

ரெயிலை பார்க்க வேண்டுமானால் பேராவூரணிக்கோ, அறந்தாங்கிக்கோ போக வேண்டும். அங்கே ஓடிய மீட்டர்கேஜ் வண்டி 2012-ல் நின்று போனது. காரைக்குடியில் இருந்து பட்டுக்கோட்டை வரை 2018-லும், திருவாரூர் வரை 2019-லும் அகலப்பாதை வந்தது. ஆனால் சின்ன ஸ்டேஷனில் என்ஜினை முன்னே தள்ளி, பின்னே இழுத்து, ஒன்றிரண்டு வேகனை கழற்றி விடும் 'ஷண்டிங்' காலம் மலையேறி விட்டது.

அந்த வேடிக்கையை வீட்டுக்குள் கொண்டு வரலாம்.

"நெல்லு மூட்டை போடவே இடத்தை காணோம். இதுல ரெயிலா?" என்று வீட்டுக்கார அம்மா கேட்பார். தேவை நாலரை அடி நீளம், ஒரு அடி அகலம். அவ்வளவுதான்!

அடுப்போர ரெயில்

இந்த வழியை காட்டியவர் ஆலன் ரைட் என்ற இங்கிலாந்துக்காரர். அவர் வைத்த பெயர் 'இங்கிள்நூக்'. கணப்பு அடுப்பு ஓரம் என்று அர்த்தம். அமெரிக்காவில் ஜான் ஆலன் 1972-ல் வெளியிட்ட 'டைம்சேவர்' என்ற ஆட்டத்துக்கு 5 பாயிண்ட் வேண்டும். இதற்கு 2 போதும்.

பாதை மூன்று. ஒன்றில் 5 வேகன் நிற்கும். மற்ற இரண்டில் மும்மூன்று. மூன்றும் சேரும் இடத்துக்கு முன்னால் என்ஜினும் 3 வேகனும் மட்டும் நிற்கும்படி ஒரு துண்டு பாதை.

வேகன் மொத்தம் 8. தேங்காய், கயிறு, பலாப்பழம் என்று ஆளுக்கு ஒரு பெயர் வைத்து, திருவுளச்சீட்டு எழுதி குலுக்க வேண்டும். வந்த 5 சீட்டின் வரிசைப்படியே 5 வேகனை நீளப்பாதையில் கோர்க்க வேண்டும். கையால் தூக்கினால் தோல்வி! இப்படி 6,720 விதமான ரெயில் கிடைக்கும்.

கணக்கு தப்பினால்?

நிஜ ரெயிலில் 87-ல் ஒரு பங்கு அளவில், 16.5 மில்லி மீட்டர் தண்டவாளம் பரவலாக உள்ளது. மீட்டர்கேஜ்தான் வேண்டும் என்பவர்களுக்கு 12 மில்லி மீட்டர்.

வேகன் 10 சென்டி மீட்டர், என்ஜின் 15 என்று வைத்துக் கொண்டால் துண்டு பாதை 45. பாயிண்ட் சுமார் 20. நீளப்பாதை 50. பாதைகள் பிரியும் இடத்தில் வேகன்கள் உரசாமல் இருக்க இன்னும் 10. மொத்தம் 125. நாலரை அடிக்குள் அடங்கி விடும்.

துண்டு பாதையில்தான் உயிரே இருக்கிறது. ஒரு வேகன் அளவு குறைந்தால் என்ஜின் இரண்டை மட்டுமே இழுக்கும், ஆட்டம் திணறும். கூடினால் எல்லாம் சுலபமாகி சுவை போய்விடும். பலகை சாய்ந்தால் வேகன் தானாக உருளும்.

தீப்பெட்டி ஒத்திகை

அதனால் முதலில் காசை எடுக்காதீர்கள். தீப்பெட்டியை எடுங்கள். இரண்டு பெட்டியை சேர்த்து ஒட்டினால் ஒரு வேகன் நீளம். திண்ணையில் சாக்பீசால் கோடு போட்டு பிள்ளைகளை தள்ளி பார்க்க சொல்லுங்கள். ஐந்தும் வரிசையில் நின்றால் பலகை வாங்க கிளம்பலாம்.

ஸ்டேஷன் இல்லாத கீரமங்கலத்துக்கு முதல் கூட்ஸ் வண்டி திண்ணையிலேயே வந்து சேரும்!