நாளைக்கு பி.ஓ. வந்துடும், சார்!

பரணில் கிடந்த பழைய ஃபைலைப் போன மாதம் தூசு தட்டினேன். 1999இல் நுங்கம்பாக்கத்து கன்சல்டன்சி ஒன்று எனக்குத் தந்த முதல் ஆஃபர் லெட்டர் அதில் இருந்தது. ஃபேக்ஸில் வந்த கடிதம். சூட்டில் எழுத்து விழும் அந்த வழவழப்பான தாளில் மை கிடையாது. வருஷம் போகப் போக எழுத்து தானாக மறைந்துவிடும். என் தாள் முழுசாக வெளுத்திருந்தது. கீழே ஒரு மூலையில் கையெழுத்தின் வால் மட்டும் மிச்சம். சிரிப்பு வந்துவிட்டது. அந்த வேலையும் அப்படித்தான் மறைந்துபோனது.

நான் மென்பொருள் கான்ட்ராக்டர். நடுவில் நாலு வருஷம் ‘பெர்மனென்ட்’ ஆக இருந்து பார்த்தேன், ஒத்துவரவில்லை. மற்றபடி ஆறு மாதம், ஒரு வருஷம் என்று ஒப்பந்த வேலைதான். வேலை கொடுக்கிறவருக்கும் எனக்கும் நடுவில் எப்போதும் ஓர் ஏஜென்ட் உண்டு. அவர் வாயிலிருந்து ‘கன்ஃபர்ம்’ என்ற சொல் வரும். இந்த இருபத்தைந்து வருஷத்தில் அந்தச் சொல் பட்ட பாட்டைத்தான் சொல்ல வருகிறேன்.

1999இல் ஊரே கோபோல் என்ற பழைய கணினி மொழியைப் படித்துக்கொண்டிருந்தது. (கோபால் என்று எழுதினால் ஆள் பெயராகிவிடுகிறது.) ஆண்டைக் கடைசி இரண்டு இலக்கத்தில் எழுதிவைத்திருந்த பழைய புரோகிராம்கள், 2000 பிறந்ததும் 00 என்பதை 1900 என்று எடுத்துக்கொள்ளுமோ என்று உலகம் பயந்த காலம். அந்தப் பயத்தில்தான் எங்களுக்குச் சோறு. புதன்கிழமை ‘தி இந்து’வோடு வரும் வேலைவாய்ப்பு இணைப்புக்காகத் திருவல்லிக்கேணி மேன்ஷனில் சண்டையே நடக்கும். பயோடேட்டாவில் தொலைபேசி எண்ணுக்குப் பக்கத்தில் ‘பி.பி.’ என்று போட்டிருப்போம். பக்கத்துக் கடைக்காரரின் எண். அவர் நல்ல மனநிலையில் இருந்தால் கூப்பிட்டு விடுவார்.

ஆகவே போனை நம்பாமல் கன்சல்டன்சிக்கு நேரே போவோம். மாடிப்படி, பிளாஸ்டிக் நாற்காலி, மீன்தொட்டி, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் முதலாளி. “வாங்க தம்பி” என்பார். பெரிய கம்பெனிகளில் பர்சனல் ஆபீசராக இருந்து வெளியே வந்தவர்கள் பலர். யாருக்கு ஆள் வேண்டும் என்பது அவர்களுக்கு நேரடியாகத் தெரியும். மேஜை மேலிருக்கும் போனை எடுத்தால் மறுமுனையில் கம்பெனி மேனேஜர். நடுவில் வேறு யாரும் இல்லை.

அதனால் அவர் பொய் சொன்னால் தெரிந்தே சொல்வார். எனக்கு ஃபேக்ஸைக் கையில் கொடுத்து, “ஒண்ணாம் தேதி ஜாயினிங்” என்றார். ஒண்ணாம் தேதி பதினைந்தாகி, பதினைந்து அடுத்த மாதமானது. இதற்கிடையே கிண்டியில் கிடைத்த ஒரு வேலையை, “கன்ஃபர்ம் ஆகிடுச்சு சார்” என்று பெருமையாக மறுத்துவிட்டேன். இரண்டு மாதம் மேன்ஷன் வாடகை கடன். பல வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அவரைப் பார்த்தபோது, பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சாவகாசமாகச் சொன்னார்: “அந்த கிளையன்ட் முதல் வாரமே வேணாம்னுட்டான் தம்பி. உன்னை விட்டுட்டா அடுத்த பிராஜெக்ட்டுக்கு ஆள் ஏது?” கோபம் வரவில்லை. பாயசம் நன்றாக இருந்தது.

அமெரிக்க ஆசை காட்டிய ஏஜென்ட்கள் தனி ரகம். எச்-1பி விசாவின் ஆண்டு உச்சவரம்பை அமெரிக்கா 65,000இலிருந்து 1999க்கும் 2000க்கும் 1,15,000ஆகவும், 2001 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 1,95,000ஆகவும் உயர்த்தியது. ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய துணைத் தூதரகத்தின் முன் விடியும் முன்பே வரிசை நிற்கும். ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை ஏஜென்ட்டிடம் அடகு வைத்து, பாண்டில் கையெழுத்துப் போட்டுப் போனவர்கள் உண்டு. விசா இருக்கும், பிராஜெக்ட் இருக்காது. 2001இல் டாட்காம் சரிவும் செப்டம்பர் தாக்குதலும் அடுத்தடுத்து வந்தபோது, வேலை இல்லாமல் ‘பெஞ்ச்’சில் உட்கார்ந்தவர்களுக்கும் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்று 1998ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமே சொல்லியிருந்தது. என் அறைத்தோழர்களில் ஒருவன் நியூஜெர்சியில் ஒரே வீட்டில் ஒன்பது பேரோடு ஐந்து மாதம் சமைத்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினான். சட்டத்தைப் பற்றி அவனுக்கு இங்கே வந்தபிறகு நான்தான் சொன்னேன்.

இந்த மாடிப்படி ஆபீஸ்கள் எப்போது பெரிய தொழிலாயின என்பதற்குச் சென்னையிலேயே ஒரு சாட்சி உண்டு. 1992இல் இங்கே தொடங்கிய ‘மா ஃபா’ 2004இல் நெதர்லாந்தின் வெடியோர் குழுமத்தோடு சேர்ந்தது. 2008இல் வெடியோரை ராண்ட்ஸ்டாட் வாங்கியது. நிறுவியவர் பெயரில் கம்பெனி ஒட்டிக்கொண்டு, மாஃபா பாண்டியராஜன் என்றே தமிழக அமைச்சரவை வரை போனார். 2002இல் பிறந்த டீம்லீஸ் 2016இல் பங்குச் சந்தைக்கே வந்தது. ஆள் பிடித்துக் கொடுப்பது பங்கு வாங்கக்கூடிய தொழில் ஆகிவிட்டது.

இன்றைக்கு வருவோம். காலை பதினொரு மணிக்குத் தெரியாத எண். நொய்டாவோ ஹைதராபாத்தோ. “சார், உங்க புரொஃபைல் எங்க ரெக்வயர்மென்ட்டுக்கு நல்லா மேட்ச் ஆகுது. இம்மீடியட் ஜாயினரா?” வைத்த ஐந்து நிமிஷத்தில் இன்னொரு குரல், அதே வேலை, அதே வேலைவிவரம், எழுத்துப்பிழைகூட அதேதான். போன பிப்ரவரியில் ஒரே சீட்டுக்கு ஏழு இடத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. எண்ணி வைத்திருக்கிறேன்.

இதன் சூட்சுமம் புரிய எனக்கே நாளாயிற்று. கம்பெனி தனக்கு வேண்டிய ஆளை நேரே தேடாமல் பட்டியலில் உள்ள சில பெரிய வெண்டர்களிடம் சொல்கிறது. அவர்களிடம் ஆள் இல்லையென்றால் சின்ன வெண்டர்களுக்குத் தள்ளுகிறார்கள். சின்ன வெண்டர் தினம் இத்தனை புரொஃபைல் அனுப்ப வேண்டும் என்று இருபத்து மூன்று வயசுப் பெண்ணையோ பையனையோ உட்கார வைக்கிறார். நம்மிடம் பேசுவது அந்தக் கடைசிக் கண்ணி. கம்பெனியில் யாரோடும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார். “கன்ஃபர்ம் சார்” என்று அவர் சொல்வது அவருக்கு மேலே இருப்பவர் சொன்னது. அவருக்கு மேலே இருப்பவர் சொன்னதும் அப்படியே.

ஆகவே இன்றைய ஏஜென்ட் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். பாவம், அவருக்கே தெரியாது. நுங்கம்பாக்கத்துக்காரரிடம் மிரட்டியாவது உண்மையை வாங்கலாம். இந்தப் பெண்ணிடம் வாங்குவதற்கு ஒன்றும் இல்லை. “நாளைக்கு பி.ஓ. வந்துடும், சார்” என்கிறபோது அவரும் அதை நம்பித்தான் சொல்கிறார்.

பி.ஓ. என்றால் பர்ச்சேஸ் ஆர்டர். இந்த ஆளை, இந்தத் தேதி முதல், இந்த விலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று கம்பெனி வெண்டருக்குத் தரும் உத்தரவு. அது வராத வரை ஆஃபர் என்பது நல்ல எண்ணம், அவ்வளவுதான். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் எல்லோருக்கும் நியமனக் கடிதம் கட்டாயம் என்கின்றன. நல்லது. ஆனால் அது வேலைக்குச் சேர்ந்தவனுக்கு. வாய்மொழி ‘கன்ஃபர்ம்’முக்கும் பி.ஓ.வுக்கும் நடுவில் தொங்குகிறவனுக்குச் சட்டத்தில் நாற்காலி போடவில்லை. கையில் கடிதம் இருந்தவர்கள் பட்ட பாடும் தெரிந்ததே: ஆண்டுக்கு 6.5 லட்சம் என்று சொல்லிக் காக்கவைத்த புதியவர்களிடம், 3.5 லட்சத்துக்குச் சம்மதமா என்று 2023 பிப்ரவரியில் விப்ரோ கேட்டது.

காசுக் கணக்கையும் பார்க்க வேண்டும். கம்பெனி எனக்காக மாதம் இரண்டு லட்சம் கொடுக்கிறது என்று வையுங்கள். மேல் வெண்டர் தன் பங்கை எடுத்து, கீழ் வெண்டர் தன் பங்கை எடுத்து, என் கைக்கு ஒன்று முப்பதோ ஒன்று நாற்பதோ வரும். கம்பெனி அறுபது நாள், தொண்ணூறு நாள் கழித்துத்தான் மேல் வெண்டருக்குப் பணம் தரும். “கிளையன்ட் பேமென்ட் வரலை சார்” என்று மூன்றாவது மாதத்தில் கேட்பதற்கான விதை இதில்தான் இருக்கிறது. சொந்தமாக பில் போடுகிறவர்கள் சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு செய்துகொள்வது நல்லது. சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தில் எத்தனை நாள் என்று எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு தொழில் சட்டம் சொல்கிறது. சண்டை போட அல்ல, ஒப்பந்தம் பேசும்போது மேஜைமேல் வைக்க அது உதவும்.

அன்றைக்கு இல்லாத ஒரு கண்ணி இன்று உண்டு: ஆர்.டி.ஆர். உங்களை இந்தக் கம்பெனிக்கு நான்தான் அனுப்புகிறேன் என்று மின்னஞ்சலில் ஒப்புதல் வாங்குவது. ஏழு பேருக்கும் ஆசையாக ‘சரி’ போட்டால், ஒரே பெயர் ஏழு வழியில் போய்ச் சேரும். கம்பெனி குழப்பம் வேண்டாம் என்று ஏழையும் ஒதுக்கிவிடும். எனக்கு ஒருமுறை நடந்தது. இப்போது முதலில் கேட்பது, “கம்பெனி பேர் சொல்லுங்க.” சொல்லாவிட்டால் ரெஸ்யூமே கிடையாது. அடுத்து, நீங்கள் நேர் வெண்டரா, உங்களுக்கு மேலே இன்னும் எத்தனை பேர், இது புது சீட்டா, யாராவது விலகிய இடமா என்று விசாரிப்பேன். விலகிய இடம் என்றால் பி.ஓ. பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும், சீக்கிரம் நடக்கும். இது அனுபவத்தில் கண்டது, எந்தப் புத்தகத்திலும் இல்லை. சிலர் எரிச்சலில் வைத்துவிடுவார்கள். வைத்தவர்களில் யாரும் எனக்கு வேலை தந்திருக்கப் போவதில்லை.

நம் பக்கமும் யோக்கியம் இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். நோட்டீஸ் காலம் மூன்று மாதமான பிறகு, ஒரு ஆஃபரைக் காட்டி இன்னொன்று, அதைக் காட்டி மூன்றாவது என்று ஏலம் போடப் பழகிவிட்டோம். சேரும் நாளன்று போனை அணைத்துவிடுகிறோம். மேலே இருப்பவரிடம் அந்தச் சின்னப் பெண் வாங்கும் திட்டை நாம் கேட்பதில்லை. இரண்டு இடத்தில் ஒரே சமயம் வேலை பார்த்தவர்களும் உண்டு. 2014இல் ஆளுக்கு ஒரே பி.எஃப். எண்ணாக யு.ஏ.என். வந்தபிறகு ஒரே மாதத்தில் இரண்டு பி.எஃப். விழுந்தால் தெரிந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் அச்சடித்துக் கொடுக்கவே ஹைதராபாத் அமீர்பேட்டையில் ஆள் இருந்ததாகச் சொல்வார்கள்.

பணம் கேட்டால் மட்டும் பேச்சே கிடையாது. அன்றைக்கு ‘ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்’ ஐந்நூறு ரூபாயோடு போயிற்று. இன்று போவது உயிராகவும் இருக்கலாம். தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று கூட்டிப்போய் மியான்மரின் மியாவாடிப் பக்கம் இணைய மோசடிக் கும்பல்களிடம் விட்டுவிடுகிறார்கள் என்று 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. அங்கிருந்து மீட்கப்பட்ட தமிழர்கள் 13 பேர் அடுத்த மாதம் சென்னை வந்து இறங்கினார்கள். வெளிநாட்டு வேலை என்றால் அந்த ஏஜென்ட் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் தவிர வாங்கக்கூடாது.

இதை எழுதும்போது நானும் ஒரு பி.ஓ.வுக்குத்தான் காத்திருக்கிறேன். இன்றோடு பதினெட்டு நாள். காலையில்கூட வெண்டர் ஆபீஸ் பெண் கூப்பிட்டு, “நாளைக்குக் கண்டிப்பா சார்” என்றாள். “சரிம்மா” என்றேன். நாளை மதியம் இரண்டு மணிக்குத் தரமணியில் வேறொரு கம்பெனியில் எனக்கு இன்டர்வியூ.