பிக்கப் வண்டிக்குள் 230 வோல்ட்! பியூஸ் இல்லாத ஒயர் உயிருக்கு உலை வைக்கும்

தேனி: ஓடிக்கொண்டிருந்த பிக்கப் வேனில் மின்சாரம் பாய்ந்தது. 10 பேர் பரிதாபமாக இறந்தார்கள்.

இந்தக் கோரச் சம்பவம் 2022-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை இரவு, மேற்கு வங்காள மாநிலம் கூச் பிகார் மாவட்டத்தில் நடந்தது. இறந்தவர்கள் ஜல்பேஷ் சிவன் கோவிலுக்குப் புறப்பட்ட பக்தர்கள். வழியில் பாட்டுப் போட வண்டியில் ஒலிபெருக்கி செட் கட்டியிருந்தார்கள். அதற்குக் கரண்ட் கொடுக்கப் பின்பக்கம் ஜெனரேட்டர் வைத்திருந்தார்கள். அந்த ஜெனரேட்டர் ஒயரிங்கில் இருந்து மின்சாரம் வண்டியில் பாய்ந்திருக்கலாம் என்று போலீசாரின் முதல் கட்ட விசாரணையில் தெரிந்தது.

"கூச் பிகார் எங்கே, கம்பம் எங்கே? நம்ம வண்டியில ஜெனரேட்டரா இருக்கு?" என்று கேட்கலாம். ஜெனரேட்டர் இல்லாமல் இருக்கலாம். இன்வெர்ட்டர் இருந்தால் போதும். இரண்டும் கொடுப்பது ஒரே 230 வோல்ட்தான். இரண்டும் நிற்பது ஒரே இரும்புத் தகட்டின் மேல்தான்.

பகலில் சரக்கு, மாலையில் கடை

தேனியில் இருந்து குமுளி போகும் தேசிய நெடுஞ்சாலையில் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று வரிசையாக ஊர்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் திராட்சையும் வாழைத்தாரும் காய்கறியும் ஏறி இறங்குவது பிக்கப் வண்டிகளிலும் குட்டியானைகளிலும்தான்.

பகலில் சரக்கு ஏற்றும் வண்டி, பொழுது சாய்ந்தால் ரோட்டோரத்தில் கடையாக மாறும். வீரபாண்டி கவுமாரியம்மன் கோவில் சித்திரைத் திருவிழா என்றால் கேட்கவே வேண்டாம். லைட் வேண்டும். பேன் வேண்டும். ஜூஸ் அடிக்க மிக்சி வேண்டும். செல்போனுக்குச் சார்ஜ் வேண்டும்.

கரண்டுக்கு எங்கே போவது? முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் மலையில் இருந்து இறங்கி லோயர் கேம்பில் மின்சாரம் தருகிறது. ஆனால் ரோட்டோரத்தில் நிற்கும் வண்டிக்கு மீட்டர் கிடையாது. கம்பத்தில் கொக்கி போட்டால் அது மின் திருட்டு. 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டம் 135-வது பிரிவில் வழக்கு பாயும். உயிரும் போகலாம். ஆகவே சொந்தமாக ஒரு இன்வெர்ட்டர் மாட்டிக்கொள்வது நேர்மையான வழி. அதில் தப்பே இல்லை. மாட்டுகிற விதத்தில்தான் வில்லங்கம் இருக்கிறது.

பத்தால் வகுத்துப் பார்

வண்டி பேட்டரி கொடுப்பது 12 வோல்ட். இன்வெர்ட்டர் அதை 230 வோல்ட்டாக மாற்றுகிறது. வோல்ட் ஏறுகிறது என்றால் எங்கோ விலை கொடுத்தாக வேண்டும். பேட்டரிப் பக்கத்து ஒயரில் ஓடும் ஆம்பியர்தான் அந்த விலை.

ஒரு சுலபமான கணக்கு. எத்தனை வாட்டோ, அதைப் பத்தால் வகுங்கள். நடுவில் வீணாகும் கரண்டையும் சேர்த்து, பேட்டரியில் இருந்து ஏறக்குறைய அத்தனை ஆம்பியர் போகும்.

10 வாட் எல்.இ.டி. பல்பு என்றால் 1 ஆம்பியர். 70 வாட் பேன் என்றால் 7 ஆம்பியர். 750 வாட் மிக்சி என்றால் 75 ஆம்பியர். மிக்சி கிளம்பும் அந்த ஒரு நொடியில் இதைப்போலப் பல மடங்கு இழுக்கும். 2,000 வாட் இண்டக்சன் அடுப்பு என்றால் 200 ஆம்பியர். வண்டி பேட்டரிக்கு அது ஆகாத வேலை. அடுப்புக்குக் கேஸ்தான் சரி.

லைட்டர் சாக்கெட்டில் சொருகலாமா?

"அண்ணே, டேஷ்போர்டுல சிகரெட் லைட்டர் ஓட்டை இருக்கே. அதுல சொருகிட்டா என்ன?"

அந்த ஓட்டைக்குப் பெரும்பாலும் 10 முதல் 20 ஆம்பியர் பியூஸ்தான் இருக்கும். செல்போன், லேப்டாப், நாலு பல்பு தாங்கும். 150 வாட்டுக்கு மேல் ஆசைப்படக் கூடாது. மிக்சியைப் போட்டால் பியூஸ் போகும். பியூஸ் போனால் வண்டி தப்பியது என்று அர்த்தம்.

ஆனால் சிலர் என்ன செய்கிறார்கள்? போன பியூசை எடுத்துவிட்டுக் கம்பியைச் சுற்றுகிறார்கள். காப்பாற்ற வந்த காவலாளியைக் கட்டிப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது மாதிரி இது. அடுத்த முறை எரிவது பியூஸ் அல்ல, டேஷ்போர்டுக்குள் ஓடும் ஒயர்!

தீ பிறக்கும் இடம்

பெரிய இன்வெர்ட்டருக்கு நேராக பேட்டரியில் இருந்து ஒயர் இழுக்க வேண்டும். விபத்துக்கு விதை விழுவது இங்கேதான்.

வண்டி பேட்டரி சாதுவாகத்தான் தெரியும். பிளஸ் ஒயர் எங்காவது பாடியில் உரசி ஷார்ட் ஆனால், பல நூறு ஆம்பியர் ஒரே நொடியில் பாயும். ஒயர் பழுக்கும். மேலே மூடிய பிளாஸ்டிக் எரியும். பக்கத்தில் இருப்பது அட்டைப் பெட்டி, வாழைச் சருகு, வைக்கோல். அப்புறம் சொல்ல வேண்டுமா?

இதைத் தடுப்பது ஒரே ஒரு பியூஸ். அதையும் இன்வெர்ட்டர் பக்கத்தில் மாட்டினால் பிரயோஜனம் இல்லை. பேட்டரிக்கும் பியூசுக்கும் நடுவில் உள்ள ஒயருக்குப் பாதுகாப்பே இருக்காது. பேட்டரி பிளஸ் முனையில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருந்தாக வேண்டும்.

மாட்டும் முறை

* வண்டி 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா என்று முதலில் பாருங்கள். பிக்கப் வண்டிகள் பொதுவாக 12 வோல்ட். பெரிய லாரிகள் 24 வோல்ட். மாற்றிக் கொடுத்தால் இன்வெர்ட்டர் புகைந்துவிடும்.

* வேலை தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸ் முனையை முதலில் கழற்ற வேண்டும். முடிந்ததும் அதைத்தான் கடைசியில் மாட்ட வேண்டும்.

* 1,000 வாட் இன்வெர்ட்டருக்கு 25 முதல் 35 சதுர மில்லி மீட்டர் தாமிர ஒயர், 125 ஆம்பியர் பியூஸ் என்பது பொதுவான அளவு. இன்வெர்ட்டரோடு வரும் கையேட்டில் வேறு அளவு சொன்னால் அதுவே சரி. வீட்டு ஒயரிங்குக்குப் போடும் இரண்டரை சதுர மில்லி மீட்டர் ஒயரை இங்கே போட்டால் அது ஒயர் அல்ல, வெடித்திரி.

* ஒயர் நீளம் குறையக் குறைய நல்லது. தகட்டில் துளை போட்டு ஒயரை உள்ளே கொண்டுபோனால், துளைக்கு ரப்பர் வளையம் கட்டாயம். இல்லாவிட்டால் குலுக்கலில் தகடு கத்திபோல் ஒயரை அறுத்துவிடும்.

* மைனசுக்குத் துருப்பிடித்த பாடி போல்ட்டை நம்பக் கூடாது. பேட்டரி வரை தனி ஒயர் இழுப்பதே மேல்.

* பானெட்டுக்குள் இன்வெர்ட்டர் வைக்கவே கூடாது. அங்கே சூடும் ஈரமும் அதிகம். காற்று வரும் இடத்தில், நனையாத இடத்தில், போல்ட் போட்டு இறுக்குங்கள். சீட்டுக்கு அடியில் சாக்கு, துணி திணித்து மூச்சு முட்ட வைக்காதீர்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு கொண்டை ஊசி வளைவுகளில் கட்டாத பொருள் எதுவும் இருந்த இடத்தில் இருக்காது.

* மிக்சி, பேன் போன்ற மோட்டார் சாமான்களுக்கு "பியூர் சைன் வேவ்" இன்வெர்ட்டர்தான் ஏற்றது. மலிவான ரகத்தில் மோட்டார் இரையும், சூடாகும்.

இன்னொன்று. "திராட்சை, திராட்சை" என்று கூவும் ஒலிபெருக்கிக்கு இன்வெர்ட்டரே தேவையில்லை. 12 வோல்ட்டில் நேராக ஓடும் ஆம்ப்ளிபயர் கடையில் கிடைக்கிறது. 12 வோல்ட் எல்.இ.டி. பல்பும் கிடைக்கிறது. அவற்றுக்கும் பியூஸ் வேண்டும். ஆனால் ஷாக் அடிக்கும் 230 வோல்ட் வண்டிக்குள் வராது. கரண்டும் மிச்சம்.

முதல் பழுது பேசாது, இரண்டாவது கொல்லும்

சின்ன இன்வெர்ட்டர்கள் பலவற்றில் வெளியே வரும் இரண்டு முனைகளும் பாடியோடு சேராமல் தனியாக நிற்கும். அதில் ஒரு முனை எங்கோ தோல் உரிந்து தகட்டில் படுகிறது. அப்போது ஷாக் அடிக்காது. யாருக்கும் தெரியாது. வியாபாரம் நடக்கும்.

பிறகு ஒரு நாள் மழை. ஈரக் கையோடு ஒருவர் பல்பு ஹோல்டரைத் தொடுகிறார். அங்கே இருப்பது மற்றொரு முனை. கை அதில், கால் தகட்டில். நடுவில் உடம்பு!

வீட்டில் இருப்பதுபோல, கசிவு வந்தால் தானாக அறுக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்சை வண்டியிலும் மாட்டலாம். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே அறுக்கும் ரகம் வேண்டும். ஆனால் முனைகள் தனியாக நிற்கும் இன்வெர்ட்டரில் அந்த சுவிட்ச் வெறும் அலங்காரம்தான். நியூட்ரலை வண்டி பாடியோடு இணைத்தால்தான் அது வேலை செய்யும். அப்படி இணைக்கலாமா கூடாதா என்பது இன்வெர்ட்டருக்கு இன்வெர்ட்டர் மாறும். தப்பாக இணைத்தால் இன்வெர்ட்டரே போய்விடும். கையேட்டைப் படிக்கத் தெரிந்த எலக்ட்ரீசியனிடம்தான் இந்த வேலையைக் கொடுக்க வேண்டும்.

காலையில் செல்ப் எடுக்காது

வண்டி பேட்டரி, என்ஜினைக் கிளப்ப ஒரு சில நொடி பலமாகக் கொடுப்பதற்காகச் செய்தது. இரவு முழுக்க இழுத்தால் சீக்கிரம் ஆயுள் முடியும்.

60 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 வாட் சாமானுக்கு 3 மணி நேரம் வரும். இன்வெர்ட்டர் "கீ" என்று கத்தும்வரை பார்க்கலாம் என்று இருந்தால், அது கத்துவதற்குள் செல்ப் எடுக்கும் சக்தி போய்விடும். மறுநாள் விடியற்காலை மார்க்கெட்டுக்குக் கிளம்ப வேண்டிய வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டியதுதான். தினமும் கடை போடுகிறவர்கள் இன்வெர்ட்டருக்கு என்று தனியாக ஒரு டியூபுலர் பேட்டரி வைத்துக்கொள்வது நல்லது. என்ஜின் ஓடும்போது மட்டும் அது சார்ஜ் ஏறும்படி நடுவில் ரிலே போடலாம்.

"என்ஜினை ஓடவிட்டா சார்ஜ் ஏறிக்கும்ல?" ஏறும். ஆனால் நின்ற இடத்தில் மெதுவாக ஓடும் என்ஜினில் ஆல்டர்னேட்டர் முழு அளவு கொடுக்காது. டீசல்தான் தீரும்.

அதைவிடப் பெரிய ஆபத்து புகை. 2024-ம் ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி கேரள மாநிலம் வடகரையில் ரோட்டோரம் நின்ற கேரவன் வண்டிக்குள் 2 பேர் பிணமாகக் கிடந்தார்கள். ஜெனரேட்டரில் இருந்து வந்த கார்பன் மோனாக்சைடு வாயு உள்ளே புகுந்ததே காரணம் என்று நிபுணர்கள் ஆய்வில் தெரியவந்தது. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. ஆகவே மூடிய ஷெட்டில் என்ஜினை ஓடவிட்டு வண்டிக்குள் தூங்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றி அமைக்க மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தடை போடுகிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அனுமதி இல்லாமல் மாற்றினால் 182-ஏ பிரிவில் 6 மாதம் வரை ஜெயில் அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கும். வண்டியைக் கடையாகவே மாற்றிக் கட்டப்போகிறவர்கள் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதித் தெரிவிப்பது புத்திசாலித்தனம். தீப்பிடித்த பிறகு ஒயரைக் காட்டித் தகராறு வந்தால் நஷ்டம் வண்டிக்காரருக்குத்தான்.

சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது தனிக் குற்றம். கூச் பிகாரில் அந்த இரவு சாவு 10 ஆக உயர்ந்ததற்கு வண்டி நிறைய ஆட்கள் இருந்ததும் காரணம்.

புகை வந்தால்...

பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்ததும் வண்டியை ஓரம் கட்டுங்கள். என்ஜினை நிறுத்துங்கள். எல்லோரும் இறங்குங்கள். கை போக முடிந்தால் மட்டும் பேட்டரி மைனசைக் கழற்றுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். தூள் அடிக்கும் சிறிய தீயணைப்பு உருளை ஒன்று எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். தீயணைப்புப் படைக்கு 101.

இன்று இரவு கடை கட்டும் முன், இன்வெர்ட்டர் உள்ள வண்டிக்காரர்கள் எல்லோரும் டார்ச் அடித்து ஒரு இடத்தைப் பாருங்கள். பேட்டரி பிளஸ் முனையில் இருந்து ஒரு சாண் தூரம். அங்கே பியூஸ் இருக்கிறதா? இல்லையென்றால் இன்வெர்ட்டர் ஒயரை இப்போதே கழற்றி வையுங்கள். பியூஸ் மாட்டிய பிறகு லைட்டைப் போடலாம்.