இழுக்கும் வீடும் இழுபடும் காரும்

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடும், வீடாகவே அமைந்த பெரிய மோட்டார்ஹோம்கள் பலவற்றின் பின்னால் ஒரு சிறிய காரும் இழுபட்டு வருவதைக் காணலாம். பத்து மீட்டருக்குக் குறையாத நீளமுள்ள வண்டியை முகாமில் நிறுத்தித் தண்ணீர்க் குழாயையும் மின்கம்பியையும் பொருத்திய பின், பால் வாங்கவும் ஊர் சுற்றவும் அதையே மீண்டும் கிளப்புவது பெரும்பாடு என்பதால் இந்தத் துணைக் கார் தேவைப்படுகிறது. அது எவ்வளவு எடை இருக்கலாம் என்று அறிய விரும்பும் உரிமையாளர்கள் பலர் முதலில் பார்ப்பது பின்புறத்து இழுவைக் கொக்கியைத்தான். அதில் 5,000 பவுண்டு, அதாவது 2,268 கிலோ என்று பொறித்திருந்தால் அதையே எல்லையாகக் கொள்கிறார்கள். ஆனால் கொக்கி தாங்கும் எடை வேறு, வண்டி இழுக்கக்கூடிய எடை வேறு.

பெட்ரோல் எஞ்சின் கொண்ட பெரிய மோட்டார்ஹோம்களுக்கு அடிச்சட்டமாக அமையும் ஃபோர்டு எஃப்-53 வகையில், வண்டி தன் சரக்கோடும் பயணிகளோடும் எட்டக்கூடிய உச்ச எடை ஒரு பிரிவில் 26,000 பவுண்டு. வண்டியும் அது இழுப்பதும் சேர்ந்து எட்டக்கூடிய உச்ச எடை, அதாவது கூட்டு எடை வரம்பு, 30,000 பவுண்டு. ஆகவே வண்டி முழுச் சுமையோடு இருக்கும்போது இழுவைக்கு எஞ்சுவது 4,000 பவுண்டு மட்டுமே. கொக்கியில் 5,000 என்று பொறித்திருப்பதால் இந்தக் கணக்கு மாறிவிடாது. நான்கு கதவுகள் கொண்ட ஜீப் ராங்லர், துணைக் காராகப் பலரும் விரும்புவது, வெறுமையாக நிற்கும்போதே 4,000 பவுண்டைத் தாண்டும். அதை இழுக்க விரும்புபவர், தாண்டுகிற அளவுக்கு வீட்டின் சுமையைக் குறைத்தாக வேண்டும்.

கூட்டு எடைக்கு இப்படி வரம்பு வைப்பதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று கியர்பெட்டியில் எழும் வெப்பம். தானியங்கிக் கியர்பெட்டியில் எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் என்ற உறுப்பு, சீரான ஓட்டத்தில் ஒரு கிளட்சால் பூட்டப்பட்டு நேரடியாக இயங்குகிறது. ஏற்றத்தில் கியர் மேலும் கீழும் மாறிக்கொண்டே இருந்தால் அந்தப் பூட்டு அடிக்கடி விடுபட்டு, எண்ணெய் கடையப்பட்டுச் சூடேறுகிறது. டோ-ஹால் என்ற பொத்தானை அழுத்தினால் கியர்பெட்டி மேல்கியருக்கு விரைந்து தாவாமல், இருக்கும் கியரைக் கூடுதல் நேரம் பிடித்து வைத்துக்கொள்வதால் இந்த அலைபாய்தல் குறைகிறது. ஆனால் அந்தப் பொத்தான் இழுவை வரம்பை ஒரு பவுண்டுகூட உயர்த்துவதில்லை என்பதை, அதை நம்பிச் சுமையைக் கூட்டுபவர்கள் அறிந்துகொள்வது நல்லது.

டோ-ஹாலின் பெரும்பயன் இறக்கத்திலேயே வெளிப்படுகிறது. கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலை ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையில் 11,158 அடி உயரத்தை எட்டுகிறது. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ மூன்று விழுக்காடு ஆற்றலை இழப்பதால், அங்கே அதன் வலிமையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஆயினும் ஏறும்போது இதனால் வண்டி மெதுவாகப் போகும், அவ்வளவுதான். ஆபத்து மறுபுறத்தில் உள்ளது. அங்கிருந்து மேற்கே சில்வர்தோர்ன் வரை சாலை ஏறத்தாழ 700 மீட்டர் இறங்குகிறது. வண்டியும் காரும் சேர்ந்த 13,600 கிலோ எடை அந்த இறக்கத்தில் விடுவிக்கும் ஆற்றல் ஒன்பது கோடி ஜூலுக்கு மேல், அதாவது 300 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம். இதன் பெரும்பகுதியைப் பிரேக்குகளே விழுங்க நேர்ந்தால் அவை சூடேறிப் பிடிமானம் இழக்கும். டோ-ஹால் நிலையில் ஓட்டுநர் பிரேக்கை இலேசாக மிதித்ததும் கியர்பெட்டி தானாகவே கீழ்க்கியருக்கு இறங்கி, எஞ்சினையே தடையாக்குகிறது. டீசல் எஞ்சினில் காற்றை நெருக்கும் அடைப்பிதழ் இல்லாததால் இந்தத் தடை இயல்பாகக் கிடைப்பதில்லை. ஆகவே புகைப்போக்கு வழியை நெருக்கும் தனிப் பிரேக் அதற்குப் பொருத்தப்படுகிறது.

இனி இழுபடும் காரின் கியர்பெட்டி. இந்தத் துறையின் மிக வியப்பான செய்தி இதில்தான் அடங்கியிருக்கிறது. நான்கு சக்கரங்களும் தரையில் உருள இழுபடும் ஒரு காரை நியூட்ரலில் வைத்தால் போதும் என்றே யாருக்கும் தோன்றும். ஆனால் சாதாரண தானியங்கிக் கியர்பெட்டியின் எண்ணெய்ப் பம்பு எஞ்சினின் சுழற்சியால் இயங்குவது. எஞ்சின் அணைந்திருக்க, சக்கரங்கள் மட்டும் கியர்பெட்டியின் வெளித்தண்டையும் அதனோடு பிணைந்த பற்சக்கரங்களையும் சுழற்றினால், எண்ணெய் வராத அந்த உறுப்புகள் உரசிச் சூடேறிப் பழுதாகும். 2014 வரையிலான ஹோண்டா சி.ஆர்.-வி. கார்களில் இதைத் தவிர்க்க, எஞ்சினைக் கிளப்பி, டிரைவ் நிலையில் சில நொடிகள் நிறுத்தி, நியூட்ரலுக்கு மாற்றி மூன்று நிமிடம் ஓடவிட்ட பிறகே அணைக்க வேண்டும் என்று கையேடு விதித்தது. 2015இல் கியர்பெட்டியின் வகை மாறியதும் இழுக்கும் அனுமதியே நீங்கிவிட்டது.

தானியங்கி ராங்லரோ இதற்கு நேர்மாறாக, கியர்நெம்பு பார்க் நிலையில் இருக்கவே நெடுஞ்சாலையில் உருண்டு செல்கிறது. கியர்பெட்டிக்கும் சக்கரங்களுக்கும் இடையே, முன்பின் அச்சுகளுக்கு ஆற்றலைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்பர் கேஸ் என்ற பெட்டி உள்ளது. அதன் சிறிய நெம்பை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டால் சக்கரங்களின் சுழற்சி அங்கேயே நின்றுவிட, கியர்பெட்டியினுள் எதுவும் அசைவதில்லை. நெம்பு சரியாக அமர்ந்ததா என்று உறுதிசெய்ய, எஞ்சினை ஓடவிட்டு ரிவர்சிலும் டிரைவிலும் வைத்து, பிரேக்கை விட்டு, கார் நகரவில்லை என்று பார்க்க வேண்டும். அவசரத்தில் இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர் ஒரே பயணத்தில் கியர்பெட்டியையே இழக்கக்கூடும்.

விற்பனையாளரின் வாய்ச்சொல்லை நம்பி, ஒருமுறைகூட எடை போடாமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டுவோர் இருப்பது வருந்தத்தக்கது. 75 கேலன் தண்ணீர் மட்டுமே 284 கிலோ. பாத்திரங்களும் கருவிகளும் துணிகளும் அதற்கு மேல். புதிதாக வண்டி வாங்குபவர் முதல் நெடும்பயணத்துக்கு முன், தொட்டிகளை நிரப்பி, குடும்பத்தாரை அமர்த்தி, காரையும் இணைத்து, லாரி நிறுத்தங்களில் உள்ள கேட் (CAT) எடைமேடையில் நிறுத்தி அச்சுவாரியாக எடைச்சீட்டு பெற வேண்டும். அதிலுள்ள எண் கூட்டு வரம்பை மீறினால், சுமையைக் குறைப்பதும் இலேசான கார் தேடுவதும் அன்றி வேறு வழியில்லை.