பழங்கதையும் புதுக்கேள்வியும்

சிண்டரெல்லாவின் கதையை அறியாதவர் நம்மில் எவரும் இலர். சிற்றன்னை அடுப்படியில் வாட்டினாள், தேவதை வந்தாள், கண்ணாடிக் காலணி பொருந்திற்று, இளவரசன் மணந்தான். பிரான்சு நாட்டுப் பெரோ 1697-இல் வெளியிட்ட வடிவம் இது. ஆனால் ஒரு கேள்வியை அக்கதை கேட்பதே இல்லை. அந்தப் பெண் சொன்னதையெல்லாம் ஏன் வாய் திறவாமல் செய்தாள்? நல்ல பெண் என்றால் அப்படித்தான் இருப்பாள் என்று கதை எண்ணிக்கொண்டது போலும்!

அமெரிக்க எழுத்தாளர் கெயில் கார்சன் லெவின் இக்கேள்வியைப் பிடித்துக்கொண்டு 1997-இல் ‘எல்லா என்சான்டட்’ என்னும் நாவலை எழுதினார். எல்லா என்பது கதாநாயகியின் பெயர். பிறந்தவுடன் ஒரு தேவதை அவளுக்குக் கீழ்ப்படிதலை வரமாக அளித்துவிடுகிறாள். அதன்பின் யார் எதைக் கட்டளையிட்டாலும் அவள் செய்தே தீரவேண்டும். வரம் என்று வந்தது சாபமாக முடிகிறது. இறுதியில் இளவரசனே தன்னை மணந்துகொள்ளச் சொல்கிறான். அவளுக்கும் அவன்மேல் அன்புண்டு. ஆயினும், தன் கீழ்ப்படிதலைப் பிறர் கருவியாக்கினால் அவனுக்குத் தீங்கு நேருமே என்று அஞ்சி மறுக்கிறாள். அந்த மறுப்பில் சாபம் நீங்குகிறது.

இத்தகைய நாவல்கள் பெரும்பாலும் நிகழ்ச்சிகளை மாற்றுவதில்லை. நம் ஊரில் பீங்கான் பொம்மை வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பாரிஸ் சாந்து அச்சில் களிமண் குழம்பை ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்ச, மண் ஓரத்தில் படிந்து உறையும். மிஞ்சிய குழம்பைக் கவிழ்த்துவிடுவார்கள். ஒரே அச்சில் பிறந்தவை எல்லாம் ஒரே உருவந்தான். கண்ணும் வாயும் தீட்டும்போதுதான் ஒன்று சிரிக்கிறது, மற்றொன்று முறைக்கிறது.

ராபின் மெக்கின்லி 1978-இல் எழுதிய ‘பியூட்டி’யில், அழகி என்று பெயர் பெற்றவள் தன்னை அழகற்றவளாகவே எண்ணுகிறாள். பொறாமைக்கார அக்காமார் இதில் அன்பானவர்கள். அரக்கனின் மாளிகை நூலகத்தில், இனிமேல்தான் எழுதப்படவிருக்கும் நூல்களும் இருக்கின்றன! எங்களுக்கு அந்த நூலகத்தின்மீதே ஆசை அதிகம்.

இது மேனாட்டார் மட்டும் கண்ட வழியன்று. 1906-இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த ஒருவருக்கு நம் ஊரின் பெயரையே வைத்தார்கள்: விருத்தாசலம். பழைய மலை என்று பொருள்படும் பெயரைக் கொண்ட அவரோ புதுமைப்பித்தன் என்ற புனைபெயரைச் சூட்டிக்கொண்டார். அவர் 1943-இல் எழுதிய ‘சாபவிமோசனம்’ நாவல் அன்று, சிறுகதையே. ஆனாலும் நாம் சொல்லிவந்த வேலையை அதைவிடக் கூர்மையாகச் செய்த கதை வேறொன்று எங்களுக்குத் தெரியவில்லை.

கணவன் உருவில் வந்த இந்திரனால் ஏமாற்றப்பட்டுக் கல்லான அகலிகை, இராமனின் பாதம் பட்டுப் பெண்ணாகிறாள். பழங்கதை அங்கே நின்றுவிடும். அதன்பின் அவள் எப்படி வாழ்ந்தாள் என்று புதுமைப்பித்தன் கேட்கிறார். சாபம் நீங்கியும் ஊரார் பார்வை நீங்கவில்லை. கௌதமர் அன்பாயிருந்தும் மனம் அமைதி கொள்ளவில்லை. இலங்கையிலிருந்து மீண்ட இராமனும் சீதையும் ஒருநாள் அவர்கள் குடிலுக்கு வருகிறார்கள். சீதை தான் தீயில் இறங்கிய செய்தியைச் சொல்கிறாள். அதைக் கேட்டவன் தன்னை மீட்ட இராமன்தானா என்று அகலிகை துடித்துப்போகிறாள். தனக்கு ஒரு நீதி, சீதைக்கு ஒரு நீதியா? கதை முடிவில் அவள் மீண்டும் கல்லாகிவிடுகிறாள்.

அவள் கல்லானது தோல்வி என்று எங்களுள் சிலர் வாதாடினார்கள். பேசி என்ன பயன் என்று கண்டவள் வேறென்ன செய்வாள் என்று மற்றவர்கள் கேட்டார்கள். முதல்முறை பிறர் இட்ட சாபத்தால் கல்லானாள். இரண்டாம் முறை எவரும் சபிக்கவில்லை. இவ்வேறுபாடே கதையின் உயிர் என்பது எங்கள் கருத்து.

எம்.டி. வாசுதேவன் நாயர் 1984-இல் மலையாளத்தில் வெளியிட்ட ‘ரண்டாமூழம்’ நாவல் பாரதத்தைப் பீமன் வாயால் சொல்கிறது. அது பெரிய நூல், விடுமுறைக்கு ஏற்றது. ‘சாபவிமோசனம்’ ஒரே மாலையில் படித்து முடிக்கக்கூடியது. புதுமைப்பித்தனின் படைப்புகள் 2002-இல் நாட்டுடைமையாகிவிட்டதால் பல பதிப்பகங்கள் அச்சிட்டுள்ளன. தேடி அலைய வேண்டியதில்லை.