நேரத்தை மீட்டுக்கொள்வோம்



"நேரமே இல்ல சாமி." பங்குத்தந்தையர் நாள்தோறும் கேட்கும் சொல் இது. ஞாயிறு திருப்பலிக்கு வராதவரும் இதைச் சொல்கிறார். அன்பியக் கூட்டத்திற்கு வராதவரும், பிள்ளையை மறைக்கல்விக்கு அனுப்பாதவரும் இதையே சொல்கிறார்கள். இவர்கள் அனைவரும் சாக்குப்போக்குச் சொல்கிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, சமையலை முடித்து, பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, செய்யாறு சிப்காட் தொழிற்சாலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற தாய்க்கு உண்மையிலேயே நேரம் இல்லை. நம் திருவண்ணாமலையில் ஆட்டோ ஓட்டுபவருக்கும், டீக்கடை, பூக்கடை வைத்திருப்பவருக்கும் பௌர்ணமி இரவு என்பது தூக்கம் இல்லாத இரவு. மறுநாள் ஞாயிறாக இருந்தால் அவர் காலைத் திருப்பலியில் கண்ணயர்வதை யார் குறை சொல்ல முடியும்?

நேரத்தை நிர்வகிப்பது பற்றிக் கடைகளில் எத்தனையோ புத்தகங்கள் கிடைக்கின்றன. பெரும்பாலும் அவை தனி அறையும், தொலைபேசியை எடுக்க ஓர் உதவியாளரும் உள்ளவர்களுக்காக எழுதப்பட்டவை. தன் நேரம் தன் கையில் இருக்கிறது என்ற எண்ணத்தில் அவை தொடங்குகின்றன. நம் மக்களில் பலருடைய நேரம் முதலாளியின் கையிலும், பஸ்ஸின் கையிலும், மழையின் கையிலும் அல்லவா இருக்கிறது!

புனித பவுலின் பெயரால் எபேசு நகர மக்களுக்கு எழுதப்பட்ட திருமுகத்தில் (எபே 5:16) காலத்தைப் பற்றி ஓர் அறிவுரை வருகிறது. அங்கே கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லுக்குச் சந்தையில் விலை கொடுத்து மீட்பது என்று பொருள். கிறிஸ்து நம்மைச் சாபத்திலிருந்து மீட்டார் என்று கலாத்தியர் திருமுகம் (3:13) சொல்லும்போதும் அதே சொல்தான் வருகிறது. ஆகவே காலத்தை மீட்பது என்பது விலை கொடுக்காமல் நடக்கிற காரியம் அல்ல. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இதே திருமுகம் ஆறாம் அதிகாரத்தில் அடிமைகளையும் நேரடியாக விளித்துப் பேசுகிறது. பகல் முழுவதும் தலைவனுக்குச் சொந்தமாக இருந்தவர்களும் அந்த அறிவுரையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நேரம் தங்கள் கையில் இல்லாதவர்களுக்கும் சேர்த்துத்தான் அது சொல்லப்பட்டது.

காலம் என்று அங்கே குறிப்பிடப்படுவதும் கடிகாரம் காட்டும் நேரம் அல்ல. கிரேக்கத்தில் அதற்கு 'க்ரோனோஸ்' என்று ஒரு சொல் உண்டு. பவுலின் திருமுகம் 'கைரோஸ்' என்கிறது. தக்க பருவம் என்று நாம் சொல்லலாம். நம் பக்கத்து விவசாயிக்கு இதை விளக்கத் தேவையில்லை. மழை பெய்து நிலத்தில் ஈரம் இருக்கும்போதே மல்லாட்டை விதைக்க வேண்டும். ஈரம் காய்ந்த பிறகு நாள் முழுவதும் உழைத்தாலும் பயன் இல்லை.

இதை வாழ்ந்து காட்டியவர் ஒருவர் நம் தமிழ் மண்ணிலேயே உண்டு. புனித பிரான்சிஸ் சவேரியார் 1542 ஆம் ஆண்டு மே 6 ஆம் நாள் கோவாவில் கரை இறங்கினார். அதே ஆண்டு அக்டோபரில் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 36. ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்கு முன் திருமுழுக்குப் பெற்றிருந்த அந்தக் கடற்கரை மக்களோடு தங்கியிருந்து கற்பிக்கக் குருக்கள் இல்லை. கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர வேறொன்றும் தங்களுக்குத் தெரியாது என்றே அவர்கள் சொன்னார்கள். சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. கடற்கரை நெடுகிலும் ஊர்கள். அவரோ ஓர் ஆள்.

1544 ஆம் ஆண்டு ஜனவரி 15 ஆம் நாள் கொச்சியிலிருந்து உரோமையில் இருந்த தம் சபைத் தோழர்களுக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் கிடைக்கிறது. அதில் ஒரு செய்தி என் போன்ற குருக்களுக்கு மிகவும் நெருக்கமானது. ஊருக்குள் நுழைந்ததும் சிறுவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்களாம். ஏதாவது செபம் கற்றுக்கொடுக்கும் வரை அவரைக் கட்டளைச் செபம் சொல்ல விடவில்லை, உண்ண விடவில்லை, உறங்கவும் விடவில்லை என்று எழுதுகிறார். விண்ணரசு இப்படிப்பட்டவர்களுடையது என்பது தமக்கு அப்போதுதான் புரியத் தொடங்கியது என்றும் சொல்கிறார். தொந்தரவு என்று நாம் எண்ணித் தள்ளுவதை அவர் அழைப்பாக எடுத்துக்கொண்டார்.

ஆனால் அவர் எல்லாவற்றையும் தாமே இழுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. முதலில் இரு மொழியும் தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்து, பல நாள் உழைத்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை முதலியவற்றைத் தமிழில் அமைத்துக்கொண்டார். அவற்றை மனப்பாடம் செய்தார். பின்னர் கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று, நாளுக்கு இருமுறை சிறுவர்களையும் முடிந்தவரை பெரியவர்களையும் கூட்டினார். ஒரு மாதம் ஓரிடத்தில் கற்பித்தார். கற்ற சிறுவர்கள் தங்கள் பெற்றோருக்கும் வீட்டாருக்கும் அண்டை வீட்டாருக்கும் கற்பிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஊரை விட்டுப் புறப்படும்போது எழுதத் தெரிந்தவர்களிடம் செபங்களின் பிரதியைக் கொடுத்தார். வழிநடத்த ஒருவரைப் பொறுப்பில் வைத்தார். கணக்கப்பிள்ளை என்று அழைக்கப்பட்ட அவர்களே நம் உபதேசியார்களின் முன்னோடிகள்.

நோயாளிகள் செய்தி இன்னும் அழகானது. தங்கள் வீட்டிற்கு வந்து செபிக்குமாறு எல்லாப் பக்கமிருந்தும் ஆட்கள் அவரை அழைத்தார்கள். அவர்கள் அனைவரிடமும் போனால் வேறெதுவும் செய்ய முடியாது. போகாமல் இருந்தாலோ நோயாளி கைவிடப்படுவார். சவேரியார் செபம் கற்ற சிறுவர்களை அந்த வீடுகளுக்கு அனுப்பினார். அவர்கள் வீட்டாரையும் அயலாரையும் கூட்டி விசுவாசப் பிரமாணம் சொல்லி, நோயாளிக்காக மன்றாடினார்கள். பொறுப்பைப் பகிர்ந்துகொள் என்று மோசேக்கு மாமனார் இத்திரோ சொன்ன ஆலோசனையை (விப 18) நாம் மறையுரையில் கேட்டிருக்கிறோம். இத்திரோ தேர்ந்தெடுக்கச் சொன்னதோ திறமை வாய்ந்த பெரியவர்களை. சவேரியாருக்குக் கிடைத்தவர்கள் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள்!

திட்டங்கள் அவருக்கும் தவறிப்போயின. 1544 ஜூன் மாதம் வடுகர் படையெடுப்புக்கு அஞ்சிக் கன்னியாகுமரிப் பாறைகளில் பசியோடும் தாகத்தோடும் ஒதுங்கியிருந்த மக்களுக்கு உதவ, மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் புறப்பட்டார். எதிர்க்காற்று அவரைப் போக விடவில்லை. திரும்பி வந்தார். பின்னர் தரை வழியாகவே அந்த மக்களிடம் போய்ச் சேர்ந்தார். இத்தனைக்கும் நடுவில் அவர் கட்டளைச் செபத்தைக் கைவிடவில்லை. சுருக்கமான செப நூலைப் பயன்படுத்த அனுமதி இருந்தும் நீண்டதையே அவர் சொல்லிவந்தார் என்று அவரது வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

சரி, நாம் எங்கே தொடங்குவது? முதலில் வீட்டில் சுமை யார்மீது இருக்கிறது என்று பாருங்கள். கணவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள். மனைவிக்கோ அன்றுதான் கறிக்குழம்பும் வாரத் துணி துவைப்பும். பத்து வயதுப் பையன் தண்ணீர் பிடித்து வைக்கலாம், தட்டைக் கழுவலாம். சவேரியார் அந்த வயதுப் பிள்ளைகளை நம்பி நோயாளி வீட்டுக்கே அனுப்பினாரே! மார்த்தா சமைத்துக்கொண்டே இருந்ததற்காக அவரைக் குறை கூறி மறையுரை வைப்பது எளிது. ஆண்டவர் அவரிடம் குறிப்பிட்டது அவருடைய கவலையையும் கலக்கத்தையும்தான் (லூக் 10:41). அடுப்படியில் உதவிக்கு இன்னொரு கை இருந்தால் கலக்கத்தில் பாதி தானாகவே குறையும்.

அடுத்து, பங்கில் நடக்கும் கூட்டங்கள். இதைச் சொன்னால் சிலர் வருத்தப்படலாம். அன்பியம், மரியாயின் சேனை, வின்சென்ட் தே பவுல் சபை, பங்குப் பேரவை, பாடகர் குழு, திருவிழாக் குழு என்று எல்லாவற்றிலும் அதே நான்கு பேர்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் மாலையில் வீட்டில் தனியாக இருக்கிறார்கள். இது பக்தி என்று நான் சொல்லமாட்டேன். ஒருவர் ஒரு சபையில் ஒழுங்காகப் பணியாற்றினால் போதும். மற்ற இடங்களில் இதுவரை யாரும் கூப்பிடாத ஒருவரைக் கூப்பிடலாம்.

ஞாயிறு கடமை பற்றித் தவறான எண்ணங்கள் பல உள்ளன. ஷிப்டில் வேலை செய்யும் இளைஞர்கள் சிலர், ஞாயிறு காலை வர முடியாததால் கோவிலுக்கு வருவதையே விட்டுவிடுகிறார்கள். 1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1248 ஆம் எண் தெளிவாக இருக்கிறது. ஞாயிறு அன்றோ அதற்கு முந்தைய நாள் மாலையிலோ, எந்தக் கத்தோலிக்கத் திருப்பலியில் பங்கேற்றாலும் கடமை நிறைவேறுகிறது. சொந்தப் பங்காகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சென்னையிலோ பெங்களூரிலோ வேலை செய்பவர் அங்குள்ள கோவிலுக்குப் போகலாம். மருத்துவமனையில் பணியில் இருக்கும் செவிலியர், விட்டு வர முடியாத நோயாளியைப் பார்த்துக்கொள்பவர், கைக்குழந்தை வைத்திருப்பவர் போன்றோர் தக்க காரணத்தால் வர இயலாவிட்டால் அது பாவம் ஆகாது. அப்போது குடும்பமாகக் கூடிச் செபிக்கும்படி அதே சட்டம் வலியுறுத்துகிறது. தனிப்பட்ட சூழ்நிலையில் நியாயமான காரணம் இருந்தால் கடமையிலிருந்து விலக்கு அளிக்கவும், வேறு பக்திச் செயலாக மாற்றித் தரவும் பங்குத்தந்தைக்கு 1245 ஆம் எண் அதிகாரம் தருகிறது. வந்து கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட்டு ஆண்டுக்கணக்கில் ஒதுங்கியிருப்பவர்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஓய்வு நாள் கட்டளை இணைச்சட்ட நூலில் (5:14) வேலைக்காரருக்கும் வேலைக்காரிக்கும் ஓய்வு வேண்டும் என்று சொல்கிறது. அடுத்தவர் ஆண்டவரின் நாளைக் கடைப்பிடிக்க முடியாதபடி தேவையின்றி வேலை வாங்கக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும் (எண் 2187) கற்பிக்கிறது. நம்மில் கடை வைத்திருப்பவர்கள், தறிப்பட்டறை நடத்துபவர்கள், வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஞாயிறு காலைத் திருப்பலியில் முதல் வரிசையில் நாம் அமர்ந்திருக்க, அதே நேரத்தில் நம் வீட்டுப் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருக்கும் அம்மாவின் நேரத்தை நாம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். அவர் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் இது பொருந்தும்.

கைபேசியைப் பற்றி நீட்டிச் சொல்ல விரும்பவில்லை. இரவு படுக்கையில் ஐந்து நிமிடம் என்று எடுத்தது பதினொன்றரை மணிவரை போவது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். பல வீடுகளில் செபமாலைக்கு ஆகும் இருபது நிமிடம் அங்கேதான் போயிருக்கிறது.

நீண்ட செபத்திற்கு வழியே இல்லாதவர்களுக்குத் திருச்சபை பழங்காலத்திலேயே ஒரு வழி செய்து வைத்திருக்கிறது. அது மூவேளைச் செபம். நம் பாட்டிமார் அதைத் திரிகால செபம் என்பார்கள். காலை ஆறு, நண்பகல் பன்னிரண்டு, மாலை ஆறு என்று மூன்று மணி. மாலை மணி முதலில் வந்தது. நண்பகல் மணியைப் பெல்கிரேடு முற்றுகையின்போது 1456 ஆம் ஆண்டில் திருத்தந்தை மூன்றாம் கலிஸ்துஸ் ஒலிக்கச் செய்தார். கைக்கடிகாரம் இல்லாத உழவரும் நெசவாளரும் மணி ஓசை கேட்டு வேலையை நிறுத்திச் செபித்தார்கள். மாறிவரும் காலத்திலும் இந்தச் செபத்தைக் காத்துக்கொள்ளும்படி 1974 ஆம் ஆண்டில் திருத்தந்தை ஆறாம் பவுல் கேட்டுக்கொண்டார். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. பஸ் நிறுத்தத்தில் நின்றபடி சொல்லலாம், தறியில் உட்கார்ந்தபடியும் சொல்லலாம். பிள்ளைகளின் தேர்வு, கடன், முழங்கால் வலி எல்லாவற்றோடும் சொல்லலாம்.

2025 ஆம் ஆண்டில் சவேரியார் திருநாளும் கார்த்திகை மகாதீபமும் டிசம்பர் 3 ஆம் நாளிலேயே வந்தன. மாலை ஆறு மணிக்கு மலைமேல் தீபம் ஏற்றுவதைக் காண இலட்சக்கணக்கானோர் கூடுகிற நாளில், வண்டிகளை நகர எல்லையிலேயே நிறுத்திவிடுகிற ஊர் இது. நாம் அதற்கேற்பத் திருமணத்தையும் திருப்பலி நேரத்தையும் மாற்றி அமைத்துப் பழகியவர்கள். அண்டை வீட்டாரின் விழாவுக்காக நேரம் ஒதுக்க நமக்குத் தெரியும்.

அந்த டிசம்பர் 3 சவேரியார் இறந்த நாள். 1552 ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் சீனக் கரைக்கு எதிரே உள்ள சான்சியான் தீவில் இறங்கிய அவர், தம்மைக் கரை சேர்ப்பதாக வாக்களித்த சீன வணிகரின் படகுக்காகக் காத்திருந்தார். ஓலைக் குடிசைக் கோவில் ஒன்றில் திருப்பலி நிறைவேற்றினார். வாரங்கள் கடந்தன, படகு வரவில்லை. நவம்பர் 21 ஆம் நாள் காய்ச்சல் கண்டது. டிசம்பர் 3 அதிகாலையில், 46 ஆவது வயதில், அந்தோணி என்ற சீனக் கிறிஸ்தவ இளைஞர் அருகில் இருக்க, கடலைப் பார்த்த அந்தக் கரையிலேயே அவர் உயிர் பிரிந்தது.