கடல் கடக்கும் அன்புப் பொட்டலம்

மகன் வளைகுடா நாட்டிற்குப் புறப்படுகின்றான். மகள் பேறுகாலத்தை எதிர்நோக்கிச் சிங்கப்பூரில் இருக்கின்றாள். கடலூரிலும் சிதம்பரத்திலும் இத்தகைய செய்தி இல்லாத தெருக்கள் மிகச் சிலவே. பயண நாள் குறிக்கப்பெற்றதும் இல்லத்தில் முறுக்கு பிழியப்படுகின்றது, அதிரசம் சுடப்படுகின்றது, பண்ருட்டி முந்திரியும் முதுநகர்க் கருவாடும் பெட்டியில் இடம் தேடுகின்றன. கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கினாலோ பெட்டியின் எடை மேலும் கூடுகின்றது. இவ்வன்பு போற்றத்தக்கதே. எனினும், அப்பெட்டி வேற்று நாட்டுச் சுங்க அதிகாரியின் முன் திறக்கப்படும் என்பதையும் நாம் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

சுங்கம் நமக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் பண்டங்களுக்குப் புலி முத்திரை இடப்பட்டதைப் பட்டினப்பாலை கூறுகின்றது. முதற் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றே புகழ் பெற்றான். காம்போச நாட்டு மன்னன் அவனுக்குக் காட்டிய அரிய கல்லொன்று, அவனது ஆணைப்படி சிதம்பரம் கோயிலில் வைக்கப்பெற்றதை 1114-ஆம் ஆண்டுக் கல்வெட்டு தெரிவிக்கின்றது. மன்னருக்கு வந்த பொருளைத் தடுப்பார் எவருமிலர். நம் பெட்டிகளுக்கோ அவ்வுரிமை இல்லை.

கசகசா தரும் துன்பம்

நம் மளிகைக் கடைகளில் தடையின்றிக் கிடைப்பது கசகசா. குருமாவிற்கும் பாயசத்திற்கும் அதனை அரைத்துச் சேர்க்கின்றோம். ஆனால் அது அபினிச் செடியின் விதை. ஆதலின் ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் அது தடை செய்யப்பட்ட பொருள். சமையலுக்கென்று தாய் கட்டிக்கொடுத்த சிறு பொட்டலம், அங்கே போதைப்பொருள் வழக்காக மாறக்கூடும். மகன் பிழைக்கச் சென்ற நாட்டில் சிறை புக நேரின், கடன் வாங்கி அனுப்பிய குடும்பத்தின் நிலை என்னாவது?

மருந்துகளிலும் இதே எச்சரிக்கை தேவை. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் எனும் வலி மாத்திரை ஆகியவை அமீரகத்தில் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டவை. மருத்துவரின் சீட்டுடன், அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் முன் அனுமதியும் பெற்றே அவற்றைக் கொண்டுசெல்லல் வேண்டும்.

ஏன் இத்தனை தடைகள்?

'நம் அரிசியையும் பருப்பையும் கண்டு வெள்ளையர் ஏன் அஞ்சுகின்றனர்?' எனச் சிலர் சினந்து கேட்பதுண்டு. காரணம் இல்லாமல் இல்லை. தானியக் கிடங்குகளை அழிக்கும் காப்ரா வண்டின் தாயகமே நம் நாடுதான். அதன் புழு, இரையின்றியும் ஆண்டுக்கணக்கில் இடுக்குகளில் ஒளிந்து உயிர் வாழும். எனவே, 2011-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டிலிருந்து வரும் பயணிகள் அரிசி கொண்டுவருவதை அமெரிக்கா தடுத்துள்ளது. ஆஸ்திரேலியாவும் 2020-ஆம் ஆண்டில் அரிசி, துவரை, கடலை, மல்லி, சீரகம், மிளகாய்வற்றல் முதலியவற்றைப் பயணிகள் கொண்டுவரத் தடை விதித்தது. பச்சைக் கறிவேப்பிலையோ, எலுமிச்சை இன மரங்களைப் பட்டுப்போகச் செய்யும் நோயைப் பரப்பும் சிறு பூச்சிக்கு உறைவிடம். அமெரிக்காவினுள் அதற்கும் இடமில்லை.

பிரான்சு நாட்டில் உறவினரை உடைய குடும்பங்கள் நம் பக்கத்தில் பல. கோமாரி போன்ற கால்நடை நோய்களுக்கு அஞ்சி, ஐரோப்பிய ஒன்றியம் நம் நாட்டு இறைச்சியையும் பாற்பொருள்களையும் பயணிகளிடம் ஏற்பதில்லை. ஆட்டிறைச்சி ஊறுகாயும் நெய்ப்புட்டியும் அங்கே குப்பைக்கே செல்லும். மீனுக்கு மட்டும் 20 கிலோ வரை இடமுண்டு. எனவே நெய் நின்றாலும் கருவாடு கடல் கடக்கலாம்!

மறைத்தலே பெருங்குற்றம்

ஆஸ்திரேலியாவில் இறங்கும் பயணி, தன்னிடமுள்ள உணவுப் பொருள்களைப் பயண அட்டையில் எழுதிக் காட்டல் வேண்டும். காட்டியவரின் பொருள் பறிபோகலாம். அவருக்குத் தண்டம் இல்லை. மறைத்தவருக்கோ உடனடித் தண்டம் உண்டு. நுழைவு அனுமதியே நீக்கப்படவும் கூடும்.

தாயகம் திரும்புவோர்க்கும் நெறி இதுவே. 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டப்படி, தம் பெட்டியிலுள்ளவற்றை அறிவிக்க வேண்டியது பயணியின் கடமை. சென்னையிலோ திருச்சியிலோ இறங்குவோர், தீர்வைக்குரிய பொருள் இருப்பின் சிவப்பு வழியையும், இல்லையெனின் பச்சை வழியையும் நாடல் வேண்டும். ஓராண்டிற்கு மேல் அயல்நாட்டில் வாழ்ந்து திரும்பும் பெண் 40 கிராமும், ஆண் 20 கிராமும் தங்க நகை தீர்வையின்றிக் கொணரலாம். மற்றப் பொருள்களின் வரம்புகள் அவ்வப்போது மாறுவதால், பயணத்திற்கு முன் கேட்டறிதல் நன்று.

பிறர் கொடுக்கும் பொட்டலம்

இறுதியாக ஒன்று. 'அண்ணே, நம்ம பையனுக்கு இதைக் கொடுத்துவிடுங்கள்' எனத் தைத்து மூடிய பொட்டலத்துடன் வருவோர் பலர். உறவை முறிக்க அஞ்சி நாம் வாங்கிக்கொள்கின்றோம். ஆனால் நம் பெட்டியில் உள்ள பொருளுக்கு நாமே பொறுப்பாளி. கொடுத்தவர் அங்கே வந்து நிற்கமாட்டார். ஆகவே நம் கண்முன் பிரித்துக் காட்டச் சொல்வோம். அதற்கு இசையாதாரின் பொருளை அன்புடன் மறுப்போம். கொடுப்பவரும் இதனை அவமதிப்பாகக் கருதலாகாது.

அன்புத் தாய்மார்களே! பெட்டியைக் கட்டும் முன் உள்ளே வைப்பவற்றைப் பட்டியலிட்டு, பிள்ளை செல்லும் நாட்டின் விதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கசகசாவை எடுத்துவிட்டு இன்னும் பத்து முறுக்குகளை வையுங்கள். பிள்ளை நலமாகப் போய்ச் சேர்ந்தான் என்ற செய்தியே நாம் வேண்டுவது.