வீடு கட்டும் ஒப்பந்தக்காரரை ஆராய்ந்து தேர்ந்தெடுத்தல்

2001ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் குஜராத் மாநிலத்தின் கச்சுப் பகுதியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் 13,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நிலநடுக்க மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அகமதாபாத்திலும் அடுக்குமாடிக் கட்டடங்கள் பல இடிந்து வீழ்ந்தன. அதே நகரில் வேறு பல கட்டடங்கள் உறுதியாக நின்றன. வீழ்ந்தவற்றின் அமைப்பிலிருந்த குறைகளுடன், கம்பி கட்டிய முறையிலும் காங்கிரீட்டின் தரத்திலும் இருந்த குறைகளும் அழிவிற்குக் காரணமாயின. இத்தகைய குறைகள், பூச்சு வேலை முடிந்தபின் எவர் கண்ணுக்கும் புலப்படாதவை.

ஒப்பந்தக்காரரைத் தேர்ந்தெடுப்போர் மனத்திற் கொள்ள வேண்டிய அடிப்படை இதுவே. துணி வாங்குவோர் அதனை விரித்துப் பார்த்து வாங்கலாம். வீடோ, விலை பேசும்போது இல்லாத பொருள். கட்டி முடிந்தபின் உள்ளே நோக்க இயலாத பொருள். ஆகவே ஆராய்ச்சி இரு முறை நடைபெற வேண்டும்: ஒன்று, ஒப்பந்தம் செய்யுமுன், மற்றொன்று, ஒவ்வொரு வேலையும் மூடப்படுமுன். இரண்டாவது ஆராய்ச்சிக்கு மனமுவந்து இசைபவரே தேர்ந்தெடுக்கத் தக்கவர்.

முன் விசாரணை

ஒப்பந்தக்காரர் கட்டிய வீடுகளுள், இரண்டு மூன்று மழைக்காலங்களைக் கண்ட ஒன்றையும், இப்போது கட்டப்பட்டு வரும் ஒன்றையும் நேரில் பார்த்தல் நலம். பழைய வீட்டில் குளியலறையை அடுத்த சுவர்களில் ஈரம் உள்ளதா, சன்னல் மூலைகளிலிருந்து சாய்வான வெடிப்புகள் தோன்றியுள்ளனவா, கூரைத் தளத்தின் அடிப்புறத்தில் துருக்கறை தெரிகிறதா என்பவற்றைக் கவனிக்க வேண்டும். துருக்கறை, கம்பியை மூடிய காங்கிரீட்டின் கனம் போதாமையைக் குறிக்கலாம். பேசிய தொகைக்கே வேலை முடிந்ததா, பிறகு ஒழுக்கு ஏற்பட்டபோது வந்து சரி செய்தாரா என்று வீட்டுக்காரரை வினவுதல் வேண்டும்.

கட்டப்பட்டு வரும் வீட்டில், சிமெண்டு மூட்டைகள் தரையில் படாமல் பலகைமேல் அடுக்கப்பட்டுள்ளனவா, செங்கற்கள் நீரில் நனைக்கப்படுகின்றனவா, புதிய தூண்கள் ஈரச்சாக்கினால் சுற்றப்பட்டுள்ளனவா என்று பார்த்தால், அவருடைய பழக்கம் விளங்கிவிடும்.

மதிப்பீடுகளை ஒப்பிடுதல்

சதுர அடிக்கு இவ்வளவு என்னும் ஒற்றை விலையைக் கொண்டு இருவரை ஒப்பிடுதல் தவறு. ஒருவர் விலையில் தண்ணீர்த் தொட்டியும் சுற்றுச்சுவரும் அடங்கியிருக்கலாம். மற்றவர் விலையில் அடங்காதிருக்கலாம். பொறியாளர் வரைந்த படத்தையும் கம்பி விவரங்களையும் வேலைப் பட்டியலையும் மூவரிடம் கொடுத்து, இனவாரியாக விலை கேட்பதே முறை. ஓர் ஊரில் சிமெண்டும் இரும்பும் எல்லோர்க்கும் ஏறக்குறைய ஒரே விலைதான். ஆதலின் ஒருவர் கூறும் தொகை மற்றவர் கூறுவதினும் மிகக் குறைவாயின், அக்குறைவு எந்த இனத்தில் என்று கேட்டறிதல் வேண்டும். பொருளின் அளவிலோ தரத்திலோ அது ஈடுசெய்யப்படலாம். அன்றிப் பாதி வேலையில் கூடுதல் பணம் கேட்கப்படலாம்.

ஒப்பந்தமும் பணமும்

ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் இன்றியமையாதது. பொருள்களின் தரம், முடிக்க வேண்டிய காலம், கூடுதல் வேலைக்குரிய விலை, குறைகளைத் திருத்தித் தரும் பொறுப்பு ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். வீடு கட்டுதல், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு சேவையாகக் கூறப்பட்டுள்ளது. வழக்கு நேருமாயின், எழுத்து மூலமான ஒப்பந்தமும் இரசீதுகளும் சான்றாகும்.

பணம் எப்போதும் வேலைக்குப் பின்னே செல்ல வேண்டும். கச்சு நிலநடுக்கத்திற்குப்பின் குஜராத்தில் மக்கள் தம் வீடுகளைத் தாமே கட்டுவித்துக்கொள்ள அரசு உதவியபோது, பொறியாளர் வேலையைப் பார்வையிட்டுச் சான்று வழங்கிய பின்னரே அடுத்த தவணை விடுவிக்கப்பட்டது. தனியார் ஒப்பந்தத்திலும் அடித்தளம், லிண்டல், கூரை, பூச்சு என்னும் கட்டங்களுக்கேற்பத் தொகையைப் பிரித்து, ஒரு பகுதியை இறுதிவரை நிறுத்தி வைக்கலாம். பெருந்தொகையை முன்பணமாகக் கேட்பவரிடம் எச்சரிக்கை தேவை.

மூடப்படுமுன் காண வேண்டியவை

சிமெண்டு மூட்டையின்மீது அச்சிடப்பட்ட காலத்தை நோக்குக. மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட சிமெண்டைச் சோதிக்காமல் பயன்படுத்தலாகாது.

ஆற்று மணலைச் சோதிக்க, நேரான சுவருள்ள கண்ணாடிக் குவளையில் பாதியளவு மணலிட்டு, சிறிது உப்புக் கரைத்த நீரை ஊற்றி, நன்கு குலுக்கி, மூன்று மணி நேரம் அசையாமல் வைக்கவும். மணலின்மேல் வண்டல் தனிப்படலமாகப் படியும். அதன் உயரம் மணலின் உயரத்தில் 8 சதவீதத்திற்கு மிகுமாயின் அம்மணல் ஏற்றதன்று. ஆசிரியர்கள் இதனைப் பள்ளியிலேயே செய்து காட்டலாம்.

இந்தியத் தரநிலை 456, கம்பியிட்ட காங்கிரீட் எம் 20 தரத்திற்குக் குறையலாகாது எனக் கூறுகிறது. அளவுக் கலவையில் இத்தரத்திற்கு 50 கிலோகிராம் மூட்டை ஒன்றுக்கு நீர் 30 லிட்டருக்கு மிகலாகாது. கலவை எளிதில் ஓட வேண்டுமென்று கொத்தனார் நீரை மிகுதியாக ஊற்றினால் வலிமை குறையும்.

தூண் கம்பிகளைச் சுற்றும் வளையங்களின் முனைகள் 135 பாகைக்கு உள்நோக்கி வளைக்கப்பட வேண்டும். வெறும் 90 பாகை வளைவு நிலநடுக்கத்தில் விரிந்துவிடும். காங்கிரீட் இடுமுன் இவற்றைப் புகைப்படம் எடுத்து வைத்தல் நன்று.

சாதாரண போர்ட்லண்டு சிமெண்டாயின் குறைந்தது 7 நாட்களும், சாம்பல் முதலியன கலந்த சிமெண்டாயின் 10 நாட்களும் காங்கிரீட்டை ஈரமாக வைத்தல் வேண்டும். 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்தின் முட்டுகளை 7 நாட்களுக்கு முன் அகற்றலாகாது. அதற்கு மேற்பட்டதாயின் 14 நாட்கள் தேவை.

களப் பணியாளர் கடமை

பிரதம மந்திரி கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் ஒப்பந்தக்காரருக்கு இடமில்லை. பயனாளியே வீட்டைக் கட்டுவித்துக்கொள்ள வேண்டும். அவ்விடத்துக் கொத்தனாரைத் தேர்ந்தெடுத்தற்கும் மேற்கூறிய முறைகளே பொருந்தும். களப் பணியாளர்கள் அடித்தளம் தோண்டும் நாளிலும், கூரைக் கம்பி கட்டி முடிந்த நாளிலும் அவ்வீட்டிற்குச் சென்று வருவார்களாயின், பின்னர்த் திருத்த முடியாத பிழைகள் அன்றே திருத்தப்படும்.